போகியும் பொங்கலும்: கோல்ஃப் மைதானத்தில் தமிழ் வர்ணனை

கேள்வி: என் கணவர் கொடைக்கானலில் கோல்ஃப் ஆடுகிறார். அவரும் நண்பர்களும் அடுத்த மாதம் தங்களுக்குள் ஒரு ஸ்டேபிள்ஃபோர்டு போட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாக்களில் நான் மைக் பிடிப்பதைப் பார்த்தவர்கள், “நீங்களே லைவா கமெண்ட்ரி குடுங்க, ஜாலியா இருக்கணும்” என்று சொல்லிவிட்டார்கள். பள்ளி கிரிக்கெட்டுக்கு வர்ணனை செய்த அனுபவம் உண்டு. கோல்ஃப் பார்த்திருக்கிறேன், ஆடியதில்லை. ஆடுகிறவர்களில் என் கணவரின் மேலதிகாரியும் இருக்கிறார். எழுபதைத் தாண்டிய பெரியவர்களும் இருக்கிறார்கள். யார் மனமும் நோகாமல் சிரிக்க வைப்பது எப்படி ஐயா? தமிழில் சொன்னால் எடுபடுமா?

– ஒரு வாசகி, வத்தலக்குண்டு

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தமிழில் சொன்னால்தான் எடுபடும். கிளப் போட்டிகளில் பல ஆண்டுகள் மைக் பிடித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்ல முடியும். ஆங்கில வர்ணனையாளர் யாருக்கும் கிடைக்காத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. இந்த விளையாட்டின் அடிப்படைச் சொற்கள் தமிழ்க் காதில் விழும்போதே இரண்டு பொருளோடு விழுகின்றன.

ஆட்டம் தொடங்கும் இடத்துக்குப் பெயர் ‘டீ’. ஒரு குழியை இத்தனை ஷாட்டில் முடிக்க வேண்டும் என்று விதித்த கணக்கு ‘பார்’. அதைவிட ஒன்று கூடினால் ‘போகி’. காலை ஏழு மணிக் குளிரில் ஸ்வெட்டரும் குல்லாயுமாக நால்வர் வந்து நிற்கும்போது, “முதல் டீக்கு நாலு பேரும் வந்தாச்சு, கிளாஸ் மட்டும் இன்னும் வரல” என்று சொல்லிப் பாருங்கள். கூட்டம் அந்த நிமிடமே உங்கள் பக்கம் வந்துவிடும். ஒருவர் அடுத்தடுத்து இரண்டு போகி போடுகிறார் என்றால், “நாலாவது குழியில போகி, அஞ்சாவதுலயும் போகி. பழசெல்லாம் எரிச்சாச்சு. ஆறாவதுல பொங்கல்தான்.” இந்த வரியில் அவர் சறுக்கியது இருக்கிறது, அடுத்தது நன்றாக அமையட்டும் என்ற வாழ்த்தும் இருக்கிறது. ஆடுகிறவரே திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கதையும் சுவையானதுதான். 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பிரபலமாக இருந்த ஒரு பாட்டில் ஓடி ஒளியும் பூச்சாண்டி வருவான். அன்று எட்டிப் பிடிக்க முடியாமல் இருந்த இலக்குக் கணக்குக்கு அந்தப் பூச்சாண்டியின் பெயரையே ஆட்டக்காரர்கள் வைத்துவிட்டார்கள். பூச்சாண்டி என்ற சொல்லையும் நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

‘அடி’ என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். தூரமும் அடி, மட்டையால் அடிப்பதும் அடி. “மூன்று அடியிலிருந்து மூன்று அடி” என்றால் கேட்பவர் குழம்புவார். தூரத்துக்கு அடி, கஜம் என்றும் ஆட்டத்துக்கு ஷாட் என்றும் முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சொல் அதைவிட முக்கியமானது. மட்டைப் பையைச் சுமந்து கூட நடப்பவரை இந்த விளையாட்டில் ‘கேடி’ என்கிறோம். ஒலிபெருக்கியில் அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். போக்கிரியைச் சொல்லும் வசைச்சொல் அது. மைதான ஓரத்தில் அவருடைய மனைவியோ பிள்ளையோ நின்றுகொண்டிருக்கக்கூடும். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, அண்ணன் என்றோ தம்பி என்றோ சேர்த்துச் சொல்லுங்கள். இந்த ஒரு சொல்லை வைத்து நான் யாரையும் சிரிக்க வைத்ததில்லை. நீங்களும் வைக்க வேண்டாம்.

அடுத்தது கணக்கு. கிரிக்கெட்டில் ஸ்கோர் பலகை பேசும். கிளப் கோல்ஃபில் அது பாதியைத்தான் சொல்லும், மீதி உங்கள் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு ஹேண்டிகேப் இருக்கிறது, அதாவது திறமைக்கு ஏற்பக் கொடுக்கப்படும் சலுகை ஷாட்டுகள். 2020-இல் உலகம் முழுவதற்கும் பொதுவாக வந்த முறைப்படி இதன் உச்சவரம்பு 54. உங்கள் நண்பர்கள் ஆடப்போகும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையை வகுத்தவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேய மருத்துவர். 1932-இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் வாலசி கிளப்பில் இந்த முறையில் போட்டி நடந்தது. ஒரு குழியில் பத்து ஷாட், பன்னிரண்டு ஷாட் என்று போய்விட்டவர் அன்றைய ஆட்டமே பாழ் என்று மனம் உடைந்துவிடாமல், அடுத்த குழியில் புதிதாகத் தொடங்கட்டும் என்பதுதான் அதன் நோக்கம். சலுகை ஷாட்டைக் கழித்த பிறகு பார் வந்தால் இரண்டு புள்ளி. ஒன்று கூடினால் ஒரு புள்ளி. இரண்டும் அதற்கு மேலும் கூடினால் புள்ளி இல்லை. பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். பாருக்குக் கீழே போகப் போக மூன்று, நான்கு என்று ஏறும்.

இந்தக் கணக்கு உங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். மைதானத்தின் மூன்றாவது கடினமான குழி, பார் நான்கு. உங்கள் எழுபது வயதுப் பெரியவருக்கு அன்றைய சலுகை 28 ஷாட். அப்படியானால் எல்லாக் குழிக்கும் ஒன்று, மிகக் கடினமான பத்துக் குழிகளுக்கு இன்னும் ஒன்று. ஆக இந்தக் குழியில் அவருக்கு இரண்டு சலுகை. அவர் ஆறு ஷாட்டில் முடிக்கிறார். அதே குழியில் சலுகையே இல்லாத இளைஞர் நான்கில் முடிக்கிறார். இருவருக்கும் இரண்டு புள்ளி. “ஆறு ஷாட் ஆயிடுச்சு, பாவம்” என்று சொன்னால் அது தவறான வர்ணனை. “ஆறும் நாலும் சரிக்குச் சரி!” என்றால் அது ஆட்டம் தெரிந்தவர் சொன்னது. கூட்டத்துக்குச் சிரிப்பும் வரும், பெரியவர் நெஞ்சும் நிமிரும். பதினெட்டுக் குழிக்கு 36 புள்ளி என்றால் அவர் தம் கணக்குக்குச் சரியாக ஆடியிருக்கிறார். 40-ஐத் தொட்டால் அன்று அவருக்கு மாலை போட வேண்டும்.

அந்த 40-ஐ எடுத்தவரைப் பார்த்து, “ஹேண்டிகேப்பை வேணும்னே ஏத்தி வெச்சிருக்காரோ” என்று கேலி செய்யும் வழக்கம் கிளப்புகளில் உண்டு. மேசையில் நண்பர்களுக்குள் அது நடக்கட்டும். மைக்கில் வேண்டவே வேண்டாம். சலுகையைப் பொய்யாக ஏற்றிக்கொள்வது இந்த ஆட்டத்தில் ஏமாற்று வேலை. நீங்கள் வேடிக்கையாகச் சொன்னாலும் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

எதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. பந்து, மரம், மணல், காற்று, மூடுபனி ஆகியவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் வம்புக்கு இழுக்கலாம். ஆளின் உடம்பு, வயது, தொழில், வீட்டு விஷயம் எதையும் தொடக்கூடாது. இதை நான் கற்றுக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு போட்டியில் வயதான ஆட்டக்காரர் ஒருவர் பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில், மாட்டிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ண ஆரம்பித்தேன். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. ஐந்தாவது முறை மணல் மட்டும் பறந்தது, பந்து அசையவில்லை. ஒரே சிரிப்பு. அவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக்கும் இருக்கவில்லை. அவருக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை முடிந்து அதுதான் முதல் போட்டி என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து எந்தப் போட்டியிலும் மைக்கில் எண்ணுவதில்லை. அதே காட்சி மீண்டும் வந்தால் இப்போது என்ன சொல்வேன் தெரியுமா? “இந்த மணலுக்கு விருந்தாளியை விட மனசு வரல. கை நனைக்காம போகக்கூடாதுங்குது!” சிரிப்பு மணலின் மேல் விழுகிறது. பந்து வெளியே வந்ததும் கை தட்டச் சொல்லுங்கள், எத்தனையாவது ஷாட் என்று சொல்லாமல்.

பெரிய இடத்து உதாரணமும் ஒன்று சொல்கிறேன். 1999-இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில், பிரெஞ்சுக்காரர் ஜான் வான் டெ வெல்டு மூன்று ஷாட் முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்தார். ஆறு ஷாட்டில் முடித்தாலும் கோப்பை அவருக்குத்தான். ஒரு ஷாட் பார்வையாளர் மாடத்தில் பட்டுத் திரும்பியது, அடுத்தது ஓடையில் விழுந்தது. காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு அவர் தண்ணீருக்குள் இறங்கி நின்ற காட்சி உலகம் முழுக்க வேடிக்கைப் படமாகச் சுற்றியது. ஏழு ஷாட்டில் முடித்தார். சமநிலையில் நின்ற மூவர் ஆடிய பிளே-ஆஃபில் பால் லாரி வென்றார். எல்லோருக்கும் ஓடைதான் நினைவிருக்கிறது. எனக்கு நினைவிருப்பது வேறு. அத்தனை அவமானத்துக்கும் பிறகு, பிளே-ஆஃபுக்காவது போக வேண்டுமென்றால் கடைசி பட், அதாவது குழியை நோக்கி உருட்டும் ஷாட், விழுந்தே ஆக வேண்டும் என்ற நிலையில், அவர் அதை நேராகக் குழிக்குள் உருட்டினார். வர்ணிப்பவர் அந்த பட்டைக் கொண்டாடத் தவறக்கூடாது. உங்கள் போட்டியிலும் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் சொதப்பிவிட்டுக் கடைசியில் ஒன்றைச் சரியாகச் செய்வார். அதற்காகக் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

இப்போது மௌனம் பற்றி. பள்ளி கிரிக்கெட்டிலிருந்து வருபவர்களுக்கு இதுதான் கடினமானது. பந்தின் பக்கத்தில் ஆட்டக்காரர் கால் ஊன்றி நின்றுவிட்டால் மைக் அணைந்துவிட வேண்டும். ஷாட் போன பிறகுதான் அடுத்த சொல். பிபிசியில் நெடுங்காலம் கோல்ஃப் வர்ணனை செய்த ஹென்றி லாங்ஹர்ஸ்ட், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் என்பதற்காகவே புகழ் பெற்றார். வாய்ப்பாட்டில் நிறுத்தம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இது. ஒலிபெருக்கியைக் கிளப் கட்டடத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். குழாய் ஸ்பீக்கர் வேண்டாம், சின்னப் பெட்டி ஸ்பீக்கரே போதும். நீங்கள் பதினெட்டாவது கிரீன், அதாவது அந்தக் குழி இருக்கும் வழவழப்பான புல்தரை, அருகே உட்காருங்கள். எல்லோரும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்வார்கள். ஒன்பதாவது குழியிலும் ஒரு பார்-மூன்று குழியிலும் இரண்டு இளைஞர்களை நிறுத்தி, போனில் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

விதியும் உங்களைக் கொஞ்சம் கட்டுப்படுத்துகிறது. ஆட்டக்காரர் தம் மட்டைப் பையைச் சுமப்பவரைத் தவிர வேறு யாரிடமும் ஆலோசனை கேட்கக்கூடாது. பார்வையாளர் ஒருவர் தானாகவே யோசனை சொல்லிக்கொண்டே இருந்தால், ஆட்டக்காரர் அவரைத் தடுக்க முயல வேண்டும். இல்லாவிட்டால் கேட்டதாகவே கருதி இரண்டு ஷாட் தண்டனை விழும். ஆகவே “அவர் ஏழாம் நம்பர் அயர்ன் எடுத்தார், குறைவா போச்சு” என்று பின்னால் வரும் குழுவின் காதில் விழும்படி சொல்லாதீர்கள். கொடி எத்தனை கஜத்தில் இருக்கிறது என்பது பொதுத் தகவல், அதைச் சொல்லலாம். பந்து ஆட்கள் பக்கம் பறந்தால் மட்டும் எந்த மௌனமும் வேண்டாம். “ஃபோர்!” என்று உங்கள் முழுக் குரலில் மைக்கிலேயே கத்துங்கள். 46 கிராமுக்குச் சற்றுக் குறைந்த பந்துதான், ஆனால் அது மண்டையில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

சிரிப்புக்கான சரக்கு எங்கே கிடைக்கும் என்று கவலைப்படாதீர்கள். போட்டி நடக்கும் மைதானமே அள்ளிக் கொடுக்கும். கொழும்பில் ராயல் கோல்ஃப் கிளப்பின் நடுவே களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை ஓடுகிறது. அங்கே வர்ணிப்பவருக்கு ரயில் ஒரு கதாபாத்திரம். உங்களுக்கோ, 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கிளப்பின் புல்வெளிக்குக் காட்டெருமைகள் வருகின்றன. மூடுபனி திடீரென்று ஏறிக் கொடியை மறைக்கிறது. குரங்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். “அடுத்த குழுவுக்கு முன்னால ஒரு குடும்பம் நடந்து போகுது. அஞ்சு பேர். சந்தா கட்டாத பழைய மெம்பர்கள். வழி விட்டு நில்லுங்க.” காட்டெருமைக் கூட்டத்துக்கு இதைவிட நல்ல மரியாதை என்ன இருக்கிறது?

இங்கேயும் விதி தெரிந்திருந்தால் வர்ணனை இனிக்கும். நின்றுகொண்டிருந்த பந்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு ஓடினால் ஆட்டக்காரருக்குத் தண்டனை இல்லை. பழைய இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம். ஆனால் குரங்குதான் எடுத்தது என்பது பார்த்தோ ஏறக்குறைய உறுதியாகவோ தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது தொலைந்த பந்து. தேட மூன்று நிமிடம்தான். 2019-க்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. அந்த மூன்று நிமிடம் உங்களுக்கு அருமையான நாடகம். நால்வரும் புதருக்குள் குனிந்து தேடுகிறார்கள், மேலே கிளையில் ஒன்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது: “சாட்சி மரத்து மேல இருக்கு. வாயைத் திறக்க மாட்டேங்குது.” பாம்பு, தேனீ, கரடி போன்றவை அருகில் இருந்தால் தண்டனையில்லாமல் பந்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. காட்டெருமை பக்கத்தில் நிற்கும்போது, “போய் அடிங்க சார், ஒண்ணும் செய்யாது” என்று வேடிக்கைக்குக்கூட உசுப்பேற்றிவிடாதீர்கள்.

நகைச்சுவை எங்கே எல்லை தாண்டும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் கேரி மெக்கார்டு என்பவர் தொலைக்காட்சியில் வேடிக்கையான வர்ணனைக்குப் பேர் போனவர். 1994 மாஸ்டர்ஸ் போட்டியில் அது நடக்கும் அகஸ்டா மைதானத்தின் வழவழப்பான கிரீனைப் பெண்களின் அழகு நிலையச் சமாச்சாரம் ஒன்றோடு ஒப்பிட்டார். மறு ஆண்டு முதல் அந்தப் போட்டியின் வர்ணனைக்கு அவரை அனுமதிக்கவில்லை. தண்டனை அதிகம் என்று வாதாடுவோர் உண்டு. என் கருத்து வேறு. குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் சபையில் எது பேசலாம் என்பது வர்ணிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலதிகாரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவருக்கென்று தனி ராகம் வேண்டாம். அவர் பந்து குளத்தில் விழுந்தால் மற்றவர் பந்துக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் கூட்டம் அதைக் கவனிக்கும், அவருக்கும் அது சங்கடம். அதிகப்படியாகப் புகழ்ந்தால் உங்கள் கணவருக்குச் சங்கடம். போட்டிக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம் பேசி, எந்தக் குழி பிடிக்கும், எதற்குப் பயம் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். “பதினோராவது குழின்னாலே எனக்கு ஆகாது” என்று அவரே சொல்லியிருந்தால், அதை வைத்து விளையாடும் உரிமையை அவரே உங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று பொருள். வேண்டாம் என்று முகம் சுளிப்பவரை விட்டுவிடுங்கள்.

முடிவை அறிவிப்பதில் அவசரம் கூடாது. 1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ரோபர்ட்டோ டி விசென்சோ கடைசி நாளில் ஆடியது 65. அன்று அவருக்கு 45-ஆவது பிறந்தநாள். கூட ஆடியவர் பதினேழாவது குழிக்கு மூன்றுக்குப் பதில் நான்கு என்று அட்டையில் எழுதிவிட, அதைக் கவனிக்காமல் டி விசென்சோ கையெழுத்துப் போட்டார். 66 என்றே கணக்கானது. பாப் கோல்பியோடு பிளே-ஆஃப் ஆடியிருக்க வேண்டியவர் ஒரு ஷாட்டில் இரண்டாமிடம் போனார். ஆயிரக்கணக்கானோர் கண்ணால் பார்த்ததும் தொலைக்காட்சியில் வந்ததும் செல்லவில்லை; கையெழுத்திட்ட அட்டைதான் செல்லுபடியானது. ஆகவே அட்டைகள் எல்லாம் மேசைக்கு வந்து, கையெழுத்துச் சரிபார்த்து முடியும் வரை “முன்னணியில் இருப்பதாகத் தெரிகிறது” என்பதற்கு மேல் ஒரு சொல் போகாதீர்கள். புள்ளிகள் சமமானால் கடைசி ஒன்பது குழி, பிறகு கடைசி ஆறு, மூன்று என்று பார்த்துத் தீர்மானிப்பது பல கிளப்புகளில் வழக்கம். உங்கள் போட்டியில் எது முறை என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு, முடிவைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பை சுமந்து நடக்கும் அந்த அண்ணன்களிடம் போட்டிக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தச் சரிவில் பந்து உருண்டு திரும்பி வரும், எந்த மரத்தடியில் எல்லோருடைய பந்தும் போய் ஒளியும், மூடுபனி எத்தனை மணிக்கு இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பெங்களூரில் அப்படிப் பை சுமந்து ஆட்டத்தைக் கற்ற சின்னசாமி முனியப்பா, 2009-இல் இந்தியன் ஓபன் கோப்பையையே வென்றார். பரிசளிப்பில் வெற்றி பெற்றவர் பெயரை வாசிக்கும்போது, அன்று அவரோடு பதினெட்டுக் குழியும் நடந்தவரின் பெயரையும் சேர்த்து வாசித்துவிடுங்கள்.